ஞானதாஸ் கழற்றிய ஸ்பிரிங்

ஞானதாஸின் வாயிலிருந்து 'முடியாது' என்ற சொல் வந்து நான் கேட்டதில்லை. 'பாக்கலாம்' என்பார். அதற்கும் வழியில்லை என்றால் தலையைச் சொறிவார். வேலை தாமதமாகும் என்பதுதான் அதற்கு அர்த்தம், நடக்காது என்பதல்ல.

திருப்போரூரிலிருந்து நெம்மேலிக்குப் போகும் சாலையில், பக்கிங்காம் கால்வாய்ப் பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் அவருடைய பட்டறை. மேலே தகரம், மூன்று பக்கம் ஹாலோ பிளாக் சுவர், நான்காவது பக்கம் திறப்பு. பெயர்ப்பலகை கிடையாது. இருந்தும் அடையாறிலிருந்தும் வேளச்சேரியிலிருந்தும் வண்டிகள் வரும். கம்பெனி கொடுத்த வேகம் போதாது என்று நினைக்கிறவர்களின் வண்டிகள்.

ஏழு வருடம் வெளியே சுற்றிவிட்டுக் கேளம்பாக்கத்துக்குத் திரும்பிய புதிதில், பைக்கின் செயினை மாற்ற அங்கே போனேன். ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்துவிட்டது. அதன் பிறகும் வாரத்தில் நான்கு நாள் போய் அங்கே கிடந்த பழைய கார் சீட்டில் உட்கார்ந்திருந்தேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை.

செய்யூர் பக்கத்து ஊர் அவருக்கு. அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டு, கடலை பிடுங்கிப் பிழைத்தவர்கள். செங்கல்பட்டில் ஐ.டி.ஐ. படித்துவிட்டு ஒரு கார் தொழிற்சாலையின் எஞ்சின் பிரிவில் பதினான்கு வருடம் வேலை செய்தார். எஞ்சின்கள் வரிசையாக நகர்ந்து வரும். தலைக்கு மேல் ஒரு கயிறு போகும். தப்பு ஒன்றைக் கண்டால் யார் வேண்டுமானாலும் அதை இழுத்து மொத்த வரிசையையும் நிறுத்தலாம்.

"எத்தன தடவ இழுத்திருக்கீங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஒரு தபா கூட இல்ல மா."

"தப்பே வரலையா?"

"வராம இன்னா? பக்கத்துல கீறவன் இழுப்பான்னு நின்னுகினு இருப்பேன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நானும் சிரித்தேன்.

தொழிற்சாலை மூடப்பட்டதும் கிடைத்த பணத்தில் இந்தப் பட்டறையைப் போட்டார். அவர் மனைவி ஜெபா பொத்தேரியில் ஒரு மாணவர் விடுதியில் சமையல் வேலை செய்கிறாள். ஒருமுறை பட்டறைக்கு வந்தபோது என்னிடம் சொன்னாள்: "கல்யாணத்துக்குக் கேக்க வந்தப்ப இந்த ஆளு 'பாக்கலாம்'னுதான் சொன்னாரு. இன்னும் பாத்துகினுதான் கீறாரு."

பட்டறைக்கு வண்டி கொண்டுவருகிறவர்களில் ஒருவன் பரணிதரன். இருபத்தைந்து வயது. அவனுடைய குடும்பத்துக்குச் செய்யூர் பக்கம் நிறைய நிலம் இருந்தது. அதில் பாதியை விற்று லாரிகள் வாங்கி, திருப்போரூரில் வீடு கட்டிக்கொண்டார்கள். அப்பா இல்லை. லாரிகளையும் மகனையும் ஓட்டியவள் அம்மாதான். வேண்டா என்று பெயர். ஞானதாஸின் பெற்றோர் கடலை பிடுங்கியது இவர்கள் நிலத்தில்தான். இதை அவர் ஒரே ஒரு முறை, போகிற போக்கில் சொன்னார்.

அவனுடையது இருபது வருடப் பழைய வெள்ளைக் கார். இரண்டு வருடத்துக்கு முன் ஞானதாஸே அதற்குச் சூப்பர்சார்ஜர் பொருத்தியிருந்தார். பெல்ட்டால் சுழன்று எஞ்சினுக்குள் காற்றை அமுக்கித் தள்ளும் கருவி அது. இப்போது அதுவும் அவனுக்குப் போதவில்லை.

"அண்ணாத்த, நூத்தி இருபதுக்கு மேல மூச்சு முட்டுது."

"முட்டும் தம்பி. உள்ள கீறது காத்த உறிஞ்சுது, வாய் சின்னதா கீது. த்ராட்டில் பாடியப் பெருசு பண்ணணும்."

த்ராட்டில் பாடி என்பது காற்று நுழையும் வாய். அதற்குள் ஒரு வட்டத் தகடு உண்டு. ஆக்சிலேட்டரை மிதித்தால் கேபிள் இழுத்துத் தகடு திறக்கும். காலை எடுத்தால் ஸ்பிரிங் இழுத்து மூடும். அவ்வளவுதான் விஷயம். கார் அடங்குவதும் அடங்காததும் அந்தத் தகடு மூடுவதில் இருக்கிறது.

புதியது பார்சலில் வந்தது. பழையதன் வாய் ஐம்பத்தாறு மில்லிமீட்டர். இதன் வாய் எழுபது. பொருத்துவதற்கு ஞானதாஸ் நான்கு நாள் எடுத்துக்கொண்டார். புது வாயும் சூப்பர்சார்ஜரின் வாயும் சேரும் இடத்துக்கு அலுமினியத் தட்டு ஒன்றைத் தானே அரத்தால் ராவி, கண்ணை மூடிக்கொண்டு விரலால் உள்பக்கம் தடவிப் பார்ப்பார். நகம் தட்டினால் மறுபடி அரம். தட்டாமல் வழுக்கிப் போகும்வரை விடவில்லை. கேபிள் சுற்றும் சக்கரத்தை விரலால் முழுக்கத் திறந்து விடுவார். 'டக்' என்று மூடும். அந்தச் சத்தத்தை அந்த நான்கு நாளில் நூறு முறையாவது கேட்டிருப்பேன்.

சக்கரத்தின் பின்னால் இரண்டு ஸ்பிரிங்குகள் இருந்தன.

"எதுக்கு ரெண்டு?"

"ஒண்ணு போனா இன்னொண்ணு வேல செய்யணும் மா. தகடு தொறந்தே நின்னுட்டா வண்டி நம்ம கையில இல்ல."

புதன்கிழமை பரணிதரன் வந்து உட்கார்ந்து பெடலை மிதித்துப் பார்த்தான். முகம் சுளித்தான்.

"இன்னா அண்ணாத்த, அம்மி மிதிக்கிற மாதிரி கீது! எனக்கு இன்னா கல்யாணமா?"

"ரெண்டு ஸ்பிரிங் தம்பி. கொஞ்சம் இறுக்கமாத்தான் இருக்கும்."

"ஒண்ண எடுத்து வுடு. பெடல் பூ மாதிரி இருக்கணும்."

ஞானதாஸ் தலையைச் சொறிந்தார். "பாக்கலாம்."

அன்று மாலையே ஒரு ஸ்பிரிங்கைக் கழற்றினார். பிறகு என்னிடம் சொன்னார்: "வெள்ளிக்கிழம சாயங்காலம் நல்லா சூடேத்தி ஓட்டிப் பாக்கறேன். சரியில்லன்னா திரும்ப மாட்டிட்டுத்தான் சனிக்கிழம குடுப்பேன்."

இதை என்னிடம் சொன்னார். பரணிதரனிடம் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை காலை எட்டே முக்காலுக்கே தாயும் மகனும் வந்துவிட்டார்கள். வேண்டா கையில் ஒரு கூடை. பட்டுப்புடவை.

"ஞானதாசு, வண்டிய வெளிய எடு. ஒம்போதே காலுக்கு நல்ல நேரம். கொலசாமி கோயிலுக்குப் போறோம்."

"அம்மா, இன்னும் ஓட்டிப் பாக்கல. நாளைக்குன்னு..."

"நாளைக்கு அஷ்டமி. நாளன்னிக்கி நவமி. நீயே சொல்லு, என்னிக்கி எடுக்கறது?"

"எனக்கு அதெல்லாம் தெரியாது மா."

"அதான் தெரிஞ்சவ சொல்றேன்ல? எடு."

பரணிதரன் பின்னால் நின்று சிரித்தான். "வுடு அண்ணாத்த, அம்மாகிட்ட ஜெயிக்க முடியுமா?"

ஞானதாஸ் வண்டியை வெளியே கொண்டுவந்து நிறுத்தினார். எஞ்சின் இரண்டு நிமிடம் ஓடியிருக்கும். சூடேறவே இல்லை.

வேண்டா சந்தனக் கிண்ணத்தை எடுத்தாள். விளக்குகளுக்கு, கதவுகளுக்கு, ஸ்டீரிங்குக்கு எல்லாம் பொட்டு வைத்து, மேலே குங்குமம் வைத்தாள். பிறகு பானெட்டைத் திறக்கச் சொன்னாள்.

"புதுசா போட்டது எது?"

ஞானதாஸ் விரலால் காட்டினார். அவள் மூன்று விரல் நிறையச் சந்தனம் எடுத்து அந்தச் சக்கரத்தின் மேல் அப்பினாள். அது வழிந்து ஸ்பிரிங்குக்கும் தகட்டின் தண்டுக்கும் நடுவே இறங்கியது. ஞானதாஸின் கை கொஞ்சம் முன்னால் நீண்டது. பிறகு தானாகவே பின்னால் போய்விட்டது.

"நல்லா இருக்கட்டும்," என்றாள். ஓரமாக ஒரு தகர டிரம்மின் மேல் கிடந்த பழைய த்ராட்டில் பாடி அவள் கண்ணில் பட்டது. "இதுவும் இத்தினி நாள் ஒழச்சதுதான?" அதற்கும் ஒரு கை சந்தனம்.

அவள் திரும்பியதும் ஞானதாஸ் புதுச் சக்கரத்தை விரலால் திறந்து விட்டார். டக். மறுபடி. டக். ஈரச் சந்தனத்தில் வழுக்கிக்கொண்டு நன்றாகவே மூடியது. அவர் பானெட்டைச் சாத்தினார்.

நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிக்கொண்டு ஒன்பது இருபதுக்கு வண்டி கிளம்பியது. பாலத்தின் மேல் ஏறியதும் சூப்பர்சார்ஜரின் கீச்சென்ற ஓசை ஒருமுறை உயர்ந்து அடங்கியது. ஞானதாஸ் அது மறையும்வரை நின்று கேட்டார்.

"அடங்கிச்சு," என்றார், தனக்குள்.

டீ வாங்கிவந்து குடித்தோம். ஏப்ரல் வெயில் அந்த நேரத்துக்கே தகரத்தைப் படபடக்க வைத்தது. டீ முடிந்ததும் பழைய த்ராட்டில் பாடியைப் பெட்டியில் போட எடுத்தார். டிரம் சூட்டில் அது காய்ந்திருந்தது. கை சுட்டதால் துணியில் பிடித்துக்கொண்டு, பழக்கத்தில் சக்கரத்தை விரலால் முழுக்கத் திறந்து விட்டார்.

சத்தம் வரவில்லை.

தகடு திறந்தபடியே நின்றது.

அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அதை முகத்துக்கு அருகே கொண்டுபோனார். விரலால் தள்ளி மூடினார். மறுபடி திறந்து விட்டார். மறுபடியும் அது நின்றது. நகத்தால் சுரண்டினார். மஞ்சள் நிறத்தில் சில்லாகப் பெயர்ந்தது.

"பாக்கெட் சந்தனம்," என்றார். "பசை கலந்து வர்றது. காஞ்சா சிமெண்ட்டு."

"பழசுதானே அண்ணா? ஸ்பிரிங் தளர்ந்திருக்கும்."

"பழசுல ரெண்டு ஸ்பிரிங் கீது மா."

கடல்காற்று அந்த நேரத்தில் துளிக்கூட இல்லை.

"புதுசு எஞ்சினுக்கு மேலயே கீது," என்றார். "இத விடச் சூடு. முழுசா ஒரு மிதி மிதிச்சான்னா திரும்பாது. பிரேக்கும் பிடிக்காது. எஞ்சின் காத்த உறிஞ்சுற வாக்குவம்தான் பிரேக்குக்குப் பலம், தகடு தொறந்து கெடந்தா அது போயிடும், ரெண்டு மிதியில பெடல் கல்லாயிடும்."

"போன் பண்ணுங்க."

போட்டார். ஸ்பீக்கரில் வேண்டாவின் குரல்.

"இன்னா ஞானதாசு?"

"அம்மா, எங்க கீறீங்க?"

"பூஞ்சேரி கூட்ரோட்ல. பெட்ரோல் போடவே அரை மணி ஆக்கிட்டாங்க பாவிங்க. பரணி மாலை வாங்கப் போயிருக்கான். நான் வண்டியில குந்திகினு கீறேன். இன்னா விசயம்?"

வண்டி நிற்கிறது. ஓரமாக, எஞ்சினை அணைத்து, நிற்கிறது. ஒரு வாக்கியம் போதும். நான் அவர் முகத்தையே பார்த்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"ஒண்ணுமில்ல மா. தம்பிய மெதுவா போகச் சொல்லுங்க."

"மெதுவாவா? பத்தரைக்கு ராகுகாலம். அதுக்குள்ள கோயில் வாசல மிதிக்கணும்னு கீறேன் நானு. மெதுவா போறதுக்கா நாலு நாள் உக்காந்து வேல பாத்த?"

"சரி மா."

போனை வைத்தார்.

"ஏன் சொல்லல?" நான் கத்திவிட்டேன். "சந்தனத்த விடுங்க. ஸ்பிரிங்க கழட்டினேன், தப்பாப் போச்சுன்னு சொல்லுங்க."

"சொன்னா?"

"சொன்னா நிறுத்துவாங்க!"

"எங்க நைனா சொன்னாரு." அவர் கையிலிருந்த இரும்பைப் பார்த்தபடி பேசினார். "இவங்க மாமனார் காலத்துல. கெணத்து மோட்டார் எரிஞ்சிப்போச்சி. எவன் எரிச்சான்னு கேட்டாங்க. நைனா மட்டும் முன்னாடி வந்து, 'நான்தாங்க, அணைக்க மறந்துட்டேன்'னாரு. நான் வரப்புல நின்னுகினு இருந்தேன். அன்னிக்கு வாங்கின அடியில அவருக்கு ஒரு காது போச்சு. சாகற வரைக்கும் கேக்கல."

பிறகு எழுந்தார். மறுபடி போன் போட்டார். மணி அடித்து அடித்து நின்றது. இன்னொரு முறை. யாரும் எடுக்கவில்லை.

"வண்டிய எடு மா."

அவரைப் பின்னால் உட்காரவைத்துப் பாலம் தாண்டி, நெம்மேலியில் கடற்கரைச் சாலைக்குத் திரும்பினேன். பட்டிபுலம், சாளுவன்குப்பம். இடது பக்கம் கடல் தட்டையாக, ஈயம் போலக் கிடந்தது. முதுகில் அவருடைய ஒரு கை என் பையின் வாரை இறுக்கிப் பிடித்திருந்தது; மறுகையில் போன். ஒவ்வொரு முறை மணி அடித்து நிற்கும்போதும் வாரில் அந்த இறுக்கம் கூடியது.

பூஞ்சேரியில் பூக்கடைக்காரரிடம் கேட்டோம்.

"வெள்ளக் காரா? அப்பவே கெளம்பிட்டான். கெளம்பும்போதே ஒரு சத்தம் வுட்டான் பாரு, என் கட ஓலை பறந்துச்சு."

"அப்ப அடங்கிச்சா?" என்று ஞானதாஸ் கேட்டார்.

"இன்னாது?"

"சத்தம். அடங்கிச்சா?"

"அடங்கி அடங்கித்தான் போனான். ஏன்யா?"

சந்தனம் இன்னும் இறுகவில்லை. மீண்டும் கிளம்பினோம். கல்பாக்கம் நெருங்கும்போது போனை எடுத்தார்கள். வண்டியை ஓரமாக நிறுத்தினேன்.

"இன்னா ஞானதாசு, சும்மா சும்மா..."

"அம்மா, ஸ்பீக்கர்ல போடுங்க. தம்பி, தம்பி, கேக்குதா? என் வேலையில தப்பு. நான்தான் தப்பு பண்ணிட்டேன். ஆக்சிலேட்டர் மாட்டிக்கும். இப்பவே கால எடுத்துட்டு ஓரங்கட்டு."

அந்த வாக்கியத்தைச் சொல்ல அவருக்கு அரை மணி நேரம் ஆகியிருந்தது. அவருடைய நாற்பத்தெட்டு வயதில் முதல் முறையோ என்னவோ.

பரணிதரன் சிரித்தான். "அண்ணாத்த, நூத்தி முப்பதுல போய்கினு கீறேன். பூ மாதிரி கீது பெடலு. நீ வேற..."

"கால எடு தம்பி!"

"சரி, சரி. எடுத்துட்டேன்."

இரண்டு நொடி. போனில் அந்தக் கீச்சொலி கேட்டுக்கொண்டிருந்தது. அது இறங்கவில்லை.

"அண்ணாத்த." குரல் மாறியிருந்தது. "எடுத்துட்டேன். இன்னும் ஏறுது."

"பிரேக்க ஒரே மிதியா மிதி, வுட்டு வுட்டு மிதிக்காத! கிளட்ச்ச அழுத்து! சாவிய ஒரு கட்டம் மட்டும் திருப்பு. முழுசா திருப்பாத, ஸ்டீரிங் பூட்டிக்கும்!"

"பிரேக்கு கல்லாட்டம் கீது அண்ணாத்த..."

"கிளட்ச்! சாவி!"

எஞ்சின் ஒரு மிருகம் போல அலறியது. கிளட்ச் விடுபட்டிருக்க வேண்டும். பிறகு சட்டென்று அது நின்று, டயர் மண்ணில் தேயும் சத்தம். "தாயே" என்று வேண்டாவின் குரல். பிறகு ஒரு மோதல். கூடவே கண்ணாடி நொறுங்கும் ஓசை.

போன் துண்டிக்கப்படவில்லை. ஒரு ஹாரன் மட்டும் நிற்காமல் அடித்துக்கொண்டிருந்தது. ஞானதாஸ் அதைக் காதில் வைத்தபடியே பைக்கில் என் பின்னால் உட்கார்ந்து வந்தார்.

கூவத்தூருக்கு முன்னால், சாலையோரச் சவுக்குத் தோப்பில் வண்டி மூக்கைக் குத்தி நின்றது. இரண்டு மரம் சாய்ந்திருந்தது. அதற்குப் பத்தடி முன்னால் ஓர் இளநீர்த் தள்ளுவண்டி நொறுங்கிக் கிடந்தது. சாலை முழுக்க இளநீர்க் காய்கள். காய் விற்றவரை ஆம்புலன்சில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். வலது கால் முட்டிக்குக் கீழே கால் மாதிரி இல்லை. அவர் அலறியது இன்னும் எனக்குக் கேட்கிறது. உயிர் இருந்தது. இன்னும் கொஞ்சம் வேகமாக வந்திருந்தால் அதுவும் இருந்திருக்காது.

வேண்டா ஒரு மரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். இடது மணிக்கட்டு வீங்கித் தொங்கியது. நெற்றியில் இரத்தம். பரணிதரனைச் சுற்றி முப்பது பேர். அவன் சட்டை தோளிலிருந்து கிழிந்திருந்தது. ஒருவன் அவன் பின்கழுத்தைப் பிடித்திருந்தான். முதல் அடி ஏற்கெனவே விழுந்திருந்தது, உதடு பிளந்திருந்தது.

"இன்னா ஸ்பீடுல வந்தான் தெரியுமா? பணக்காரத் திமிரு!"

"இதே ரோட்ல எங்க பசங்க நடந்து ஸ்கூலுக்குப் போறாங்கடா!"

"போலீஸ் வர்றதுக்குள்ள நாலு போடு!"

"நான் பிரேக் போட்டேன் ணா," என்று பரணிதரன் அழுதான். "சத்தியமா போட்டேன் ணா."

யாரும் நம்பவில்லை. இன்னொரு கை ஓங்கியது.

ஞானதாஸ் என் பைக்கிலிருந்து இறங்கி நேராக நடந்தார். மரத்தடியைத் தாண்டும்போது வேண்டா தலையைத் தூக்கி அவரைப் பார்த்தாள். இவர் போன் செய்தார், இவர் சொன்னதால்தான் என் மகன் சாவியைத் திருப்பினான் என்று சொல்ல அவளால் முடிந்திருக்கும். அவள் வாய் திறந்தது. பிறகு முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள்.

"அவன வுடுங்க," என்றார் ஞானதாஸ். சத்தமாகச் சொல்லவில்லை. ஆனாலும் இரண்டு மூன்று பேர் திரும்பினார்கள். "ஓட்டினவன் மேல தப்பில்ல. அவன் கால எடுத்துட்டான். வண்டிதான் நிக்கல."

"நீ யாருயா?"

"மெக்கானிக்கு. இதுக்கு வேல பாத்தது நான்தான். ரெண்டு ஸ்பிரிங் இருக்கணும். ஒண்ண நான் கழட்டினேன். ஓட்டிப் பாக்காம வுட்டேன்."

சந்தனத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கூட்டம் ஒரு கணம் குழம்பியது. பின்கழுத்தைப் பிடித்திருந்தவன் பரணிதரனை விட்டான். பரணிதரன் தடுமாறி அம்மா இருந்த பக்கம் போய் மண்ணில் உட்கார்ந்தான். முப்பது பேரும் இப்போது இந்தப் பக்கம் திரும்பியிருந்தார்கள்.

"எந்த ஊரு நீ?" என்று ஒரு பெரியவர் கேட்டார்.

ஊரைச் சொன்னார்.

"எந்தத் தெரு?"

அதையும் சொன்னார்.

பெரியவர் பக்கத்திலிருந்தவனைப் பார்த்தார். வட்டம் மெதுவாகச் சுருங்கியது. நான் முண்டியடித்து உள்ளே போய் அவர் கையைப் பிடித்து இழுத்தேன். அவர் நகரவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். இரண்டு காம்புகளையும் ஒவ்வொன்றாக மடக்கினார். என் உள்ளங்கையை விரித்து, அதில் வைத்து, விரல்களை மூடிவிட்டார்.

"இத வெச்சிக்கோ மா," என்றார். "நீ போய் வண்டிகிட்ட நில்லு."